பெட்டிக்குள் எழுதியதை யார் மாற்றலாம், யார் படிக்கலாம்?

கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

தேர்தல் முடிவு வரும்போதெல்லாம் என் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழு இரண்டாகப் பிரிந்துவிடும். தோற்ற பக்கத்துப் பையன்கள் "மெஷினை மாத்திட்டாங்க சார்" என்பார்கள். ஜெயித்த பக்கம் "அந்த சிப்பை யாராலும் தொட முடியாது சார்" என்று சொல்லும். அடுத்த தேர்தலில் இரண்டு கூட்டமும் இடம் மாறிக்கொள்ளும். வசனம் மட்டும் மாறாது. முப்பது வருடத்துக்கு மேல் இயற்பியல் நடத்தி 2019 மே மாதம் ஓய்வு பெற்றவன் நான். கடைசித் தேர்தல் பணி அதே வருடம் ஏப்ரலில். ஓட்டுச் சீட்டில் ஆரம்பித்து விவிபேட் வரைக்கும் எல்லாக் காலத்திலும் வாக்குச்சாவடியில் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் "நீங்க சொல்லுங்க சார்" என்று பந்து கடைசியில் என்னிடம் வந்துவிடும். குழுவில் நாலு வரியில் சொல்ல முடியாத விஷயம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரைப் பார்ப்போம். சுவிட்சைப் போட்டவுடன் விண்டோஸ் வருவதற்கு முன்னால் கறுப்புத் திரையில் சில எழுத்துகள் ஓடுமே, அதுதான் பயாஸ். தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிப்பில் எழுதி வைத்த சின்ன நிரல். இந்த மாதிரி சிப்போடு ஒட்டிப் பிறந்த நிரலுக்குத்தான் ஃபர்ம்வேர் என்று பெயர். எந்த வட்டில் இருந்து கிளம்ப வேண்டும், மணி என்ன, கடவுச்சொல் கேட்கலாமா வேண்டாமா என்பதெல்லாம் அதன் அமைப்புகள். அங்கே கை வைக்க முடிந்தவனுக்கு அதற்கு மேல் போட்ட எந்தப் பூட்டும் பூட்டு இல்லை.

1984ல் ஐபிஎம் நிறுவனம் விட்ட பிசி ஏடி என்ற மாடலில் இருந்துதான் இந்த அமைப்புகளை ஒரு சின்ன நினைவகத்தில் வைத்து, பேட்டரி கொடுத்து உயிரோடு வைத்திருக்கும் பழக்கம் பரவியது. கடவுச்சொல்லும் பின்னாளில் அங்கேயே குடியேறியது. எங்கள் பள்ளி லேபில் ஒரு பிளஸ் டூ பையன் விளையாட்டாக ஒரு மெஷினுக்கு பயாஸ் கடவுச்சொல் போட்டுவிட்டு, என்ன போட்டோம் என்பதையும் மறந்துவிட்டான். லேப் சாவி அப்போது என்னிடம் இருந்தது. கிராஸ்கட் ரோட்டில் இருந்து வந்த மெக்கானிக் தம்பி கீபோர்டைத் தொடவே இல்லை. பெட்டியைத் திறந்தார், எட்டணா அளவு இருந்த பேட்டரியைக் கழற்றினார், கொஞ்ச நேரம் கழித்து மாட்டினார். கடவுச்சொல் போயே போச்சு. அந்தப் பூட்டின் பலமெல்லாம் பெட்டியில் இருந்த நாலு திருகாணியின் பலம்தான்.

நிரல் இருந்த சிப்பின் கதை வேறு. ஆரம்பத்தில் அது படிக்க மட்டுமே முடிகிற நினைவகம். தொழிற்சாலையில் எழுதியது எழுதியதுதான். மாற்ற வேண்டுமென்றால் சிப்பையே பிடுங்கி வேறு போட வேண்டும். சில சிப்புகளின் தலையில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதன் வழியே புற ஊதாக் கதிர் பாய்ச்சினால் எழுத்து அழியும், மறுபடி எழுதலாம். வெளிச்சம் படாமல் இருக்க ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். வகுப்பில் பழைய சிப் ஒன்றைச் சுற்றுக்கு விட்டபோது, எல்லோரும் முதலில் செய்தது அந்த ஸ்டிக்கரை உரிக்கப் பார்த்ததுதான்!

1990களில் மின்சாரத்தாலேயே அழித்து எழுதும் ஃபிளாஷ் நினைவகம் பயாஸுக்கு வந்தது. சிப்பைக் கழற்றாமலே பயாஸைப் புதுப்பிக்கலாம். வசதிதான். ஆனால் நமக்குத் திறந்த கதவு எதிரிக்கும் திறந்தது. தைவானில் சென் இங்-ஹாவ் என்ற மாணவர் 1998ல் எழுதிய சிஐஎச் வைரஸ், 1999 ஏப்ரல் 26 அன்று உலகம் முழுக்க ஏராளமான கம்ப்யூட்டர்களில் வேலையைக் காட்டியது. வட்டில் இருந்ததை அழித்ததோடு, எழுத அனுமதி திறந்திருந்த மெஷின்களில் பயாஸையே குப்பையாக்கியது. அந்த மெஷின்களுக்குச் சுவிட்சைப் போட்டால் எழுந்திருக்கவே தெரியவில்லை. செர்னோபில் விபத்து நடந்த அதே தேதி என்பதால் செர்னோபில் வைரஸ் என்றும் சொன்னார்கள். இந்த ஏப்ரல் 26ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு முறை வரும்.

சரி, நம் ஓட்டு மெஷினுக்கு வருவோம்.

1977ல் தேர்தல் ஆணையத்தில் விதை போட்ட யோசனை அது. ஹைதராபாத்தில் உள்ள இசிஐஎல் 1979ல் மாதிரி செய்தது. 1980 ஆகஸ்டில் கட்சிகளுக்குக் காட்டினார்கள். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸும் சேர்ந்துகொண்டது. அங்கே இந்த மெஷினின் வடிவமைப்பையும் தயாரிப்பையும் மேற்பார்வையிட்ட பொறியாளர்களில் ஒருவர் எஸ். ரங்கராஜன். நமக்கெல்லாம் சுஜாதா. கணேஷ், வசந்துக்காக வாராவாரம் காத்திருந்த ஊர், அவர் செய்த பெட்டியில் இத்தனை வருடமாக ஓட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறது.

முதல் சோதனை 1982 மே 19, கேரளத்தில் எர்ணாகுளம் பக்கத்துப் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில். இதில் ஒரு வேடிக்கை. மெஷின் வேண்டாம் என்று தேர்தலுக்கு முன்னால் நீதிமன்றம் போனவர் இந்தியக் கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை. ஓட்டு எண்ணியபோது 123 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்ததும் அவரே. உடனே தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி. ஜோஸ் மெஷின் செல்லாது என்று வழக்குப் போட்டார். 1984 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் ஓட்டுச் சீட்டு என்றுதான் இருக்கிறது, மெஷினுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டது. அந்த 50 சாவடிகளில் சீட்டில் மறு ஓட்டு நடந்தது, ஜோஸ் ஜெயித்தார். என் வாட்ஸ்அப் குழுவின் முன்னோர்கள் பரவூரில் இருந்திருக்கிறார்கள்.

சட்டத்தைத் திருத்தி 1989 மார்ச் 15 முதல் மெஷினுக்கு இடம் கொடுத்தார்கள். 1990ல் ஒரு நிபுணர் குழு ஆராய்ந்து பாதுகாப்பானது என்றது. ஐஐடி மெட்ராஸ் இயக்குநராக இருந்த பி.வி. இந்திரேசன் அதில் ஓர் உறுப்பினர். மெஷின்களை வாங்கியும் வைத்துவிட்டார்கள். ஆனால் எட்டு ஒன்பது வருடம் அவை கிடங்கில்தான் இருந்தன.

அந்த இடைவெளியில்தான் நம் கொங்கு நாடு தேர்தல் வரலாற்றில் ஏறியது. 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் 1033 வேட்பாளர்கள். விவசாயிகள் தங்கள் குறைகளைக் காதில் போட ஆளில்லை என்று கூட்டம் கூட்டமாய் மனுத் தாக்கல் செய்தார்கள். ஆணையம் தேர்தலை ஒரு மாதம் தள்ளி வைத்தது. ஓட்டுச் சீட்டு, சீட்டாக இல்லாமல் புத்தகமாகவே அச்சாகி வந்தது. சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயித்தார். 88 பேருக்கு ஒரு ஓட்டுக்கூட விழவில்லை, அதாவது தன் ஓட்டையே தனக்குப் போட்டுக்கொள்ளாதவர்கள். போராட்டம் என்றால் அது! நான் பக்கத்துத் தொகுதியில் பணியில் இருந்தேன், மொடக்குறிச்சிப் பணி கிடைத்த சக ஆசிரியர் ஒருவர் அந்தப் புத்தகத்தை மடிப்பதைப் பற்றி மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார். அந்த வருடமே சட்டமன்றத் தேர்தலுக்கான வைப்புத்தொகை 250 ரூபாயில் இருந்து 5000 ஆனது.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? அன்று மெஷின் வந்திருந்தாலும் மொடக்குறிச்சியில் பயன்பட்டிருக்காது. ஓட்டுப் போடும் கருவி ஒன்றில் 16 பட்டன். நாலு கருவிகளைத் தொடுத்தால் 64. அதற்கு மேல் அந்தக் காலத்து மெஷினுக்கு எண்ணத் தெரியாது. உள்ளே இருக்கிற நிரலும் அமைப்பும் அப்படி. வெளியே எத்தனை விவசாயி கோபமாக நின்றாலும், எத்தனை பெரிய அதிகாரி உத்தரவு போட்டாலும், அந்த 64ஐ 65 ஆக்க முடியாது. மாற்ற முடியாத நிரல் என்றால் இதுதான். அதன் பலமும் இதுதான், பிடிவாதமும் இதுதான்.

(பின்னால் வந்த மூன்றாம் தலைமுறை மெஷினில் 24 கருவிகள் வரை தொடுக்கலாம். 2019ல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் மஞ்சள் விவசாயிகள் மொடக்குறிச்சி பாணியில் மனுப் போட்டு மொத்தம் 185 வேட்பாளர்கள் ஆனபோது, 12 கருவிகளை வரிசையாக வைத்து மெஷினிலேயே தேர்தல் நடத்தினார்கள். மஞ்சள் விளைகிற மண்ணுக்கே இந்த யோசனை தோன்றும் போல. மஞ்சள் வாரியமும் கடைசியில் 2025ல் நிஜாமாபாத்துக்குத்தான் போனது, ஈரோட்டுக்காரர்கள் பெருமூச்சு விட்டோம். 2021ல் நம் கரூரில் 77 பேர் நின்றதும் பலருக்கு நினைவிருக்கும்.)

2001 மே மாதம் தமிழ்நாட்டில் எல்லாத் தொகுதியிலும் மெஷின் வந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் மெஷினை எதிர்த்து அதிமுக தொடர்ந்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்திருந்தது. அதே மெஷினில் அதிமுக ஆட்சிக்கு வந்தது. பரவூர் கதைதான்!

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அப்போதுதான் அந்தப் பெட்டியின் உள்ளமைப்பு எனக்குப் பிடித்துப்போனது. கட்டுப்பாட்டுக் கருவியில் மூன்று கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கதவுக்குள் பேட்டரியும், வேட்பாளர் எண்ணிக்கையை அமைக்கும் பட்டனும். தொகுதியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைத் தேர்தல் நடத்தும் அலுவலரின் இடத்தில், வேட்பாளர் தரப்பு பார்க்க, அமைத்துவிட்டு நூல் கட்டி, சீட்டு தொங்கவிட்டு, அரக்கு வைத்துவிடுவார்கள். சாவடிக்கு வருகிற எனக்கு அந்தக் கதவைத் திறக்கும் உரிமை கிடையாது. இரண்டாவது கதவுக்குள் முடிவு, அழிப்பு பட்டன்கள். அதை நான் மூடி சீல் வைக்க வேண்டும். ஆனால் ஓட்டு எண்ணுகிற நாளில் அதைத் திறப்பது நான் இல்லை, எண்ணும் இடத்து அலுவலர். மூன்றாவது பகுதி மட்டும் நாள் முழுக்கத் திறந்திருக்கும். ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு விடுகிற பட்டன், மொத்தம் எத்தனை என்று காட்டுகிற பட்டன். அவ்வளவுதான்.

லேப் கம்ப்யூட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே அமைப்பை மாற்றுவதும் பயன்படுத்துவதும் ஒரே கீபோர்டு. இங்கே அமைக்கிறவர் வேறு, நடத்துகிறவர் வேறு, படிக்கிறவர் வேறு. ஒருவர் கதவு இன்னொருவருக்குத் திறக்காது.

நிரலும் தன் பங்குக்குப் பிடிவாதம் பிடிக்கும். 'மூடு' பட்டனை அழுத்தி, முடிவைப் பார்த்த பிறகுதான் அழிக்க விடும். வரிசை மாற்றி அழுத்தினால் செல்லாது என்று சொல்லிவிடும். மூடிய பிறகு இன்னொரு ஓட்டுப் பதியாது. சாவடியைப் பிடித்துக்கொண்டு ஒருவனே குத்தித் தள்ள முடியாதபடி, நிமிடத்துக்கு 5 ஓட்டுக்கு மேல் வாங்காது. மனிதன் அவசரப்படுவான் என்பது அந்த நிரலை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

முடிவுப் பட்டனின் மேல் குறுக்கே ஒரு பச்சைக் காகிதச் சீல் வரும். நாசிக் அச்சகத்தில் ரூபாய் நோட்டுப் போல வரிசை எண் போட்டு அச்சடித்தது. நானும் கட்சி முகவர்களும் அதில் கையெழுத்துப் போடுவோம், எண்ணை அவர்களும் குறித்துக்கொள்வார்கள். எண்ணும் நாளில் கையெழுத்தையும் எண்ணையும் சரிபார்த்துவிட்டு, அந்தக் காகிதத்தைக் குத்திக் கிழித்துத்தான் முடிவுப் பட்டனை அழுத்த முடியும். எலக்ட்ரானிக் யுகம் என்று பேசுகிறோம். சிப்பைக் காவல் காப்பது நூலும் அரக்கும் ஒரு பச்சைக் காகிதமும்.

2004 தேர்தலில் சூலூர் பக்கம் ஒரு கிராமத்துச் சாவடி எனக்கு. விடிகாலையில் முகவர்களை உட்கார வைத்துச் சில ஓட்டுகள் போட்டுக் காட்டி, முடிவு காட்டி, அழித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். வயதான கவுண்டர் ஒருவர், ஒரு கட்சியின் முகவர், மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏனுங் வாத்தியாரே, இதுக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு நீங்க பாத்துருக்கீங்களா?"

"இல்லீங்க."

"கலெக்டரு?"

"அவரும் பாத்திருக்க மாட்டாருங்க."

"அப்ப யாருதானுங் பாத்தது?"

"செஞ்சவங்க பாத்திருப்பாங்க. அதுக்கப்புறம் யாரும் படிக்கவும் முடியாது, மாத்தவும் முடியாதுங்க."

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மாத்த முடியாதுங்கறது நல்லதுங். படிக்க முடியாதுன்னா எப்புடிங்?" என்றார். மணி ஆகிவிட்டது, வரிசை நிற்கிறது என்று சொல்லி வேலையை ஆரம்பித்தோம்.

இத்தனை வருடத்தில் இந்த விஷயம் பற்றி நான் கேட்ட கேள்விகளிலேயே கூர்மையானது அதுதான். ஏனென்றால் அந்தப் பூட்டு செய்திருப்பது அதுவேதான். சிப்பில் நிரல் ஒருமுறைதான் எழுதப்படும். மீண்டும் எழுதவோ, வெளியே எடுத்துப் படிக்கவோ வழியில்லாதபடி செய்வார்கள். திருடனுக்கு மூடிய கதவு சொந்தக்காரனுக்கும் மூடித்தான் இருக்கும். பயாஸ் சிப்பை ஃபிளாஷ் ஆக்கியபோது இருவருக்கும் திறந்தது. ஓட்டு மெஷினில் இருவருக்கும் மூடியது. நடுவில் ஒரு வழியை யாரும் கண்டுபிடித்த மாதிரி தெரியவில்லை.

மூடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்து உதாரணம். அங்கே நெடாப் என்ற ஓட்டு மெஷின் பயன்பாட்டில் இருந்தது. அதில் நிரல் இருந்த சிப், சாக்கெட்டில் செருகிக் கழற்றக்கூடியது. 2006ல் ரோப் கோங்கிரைப் என்பவரும் நண்பர்களும் ஒரு மெஷினை வாங்கி, சிப்பை மாற்றி, ஓட்டு மெஷினை சதுரங்கம் ஆட வைத்துக் காட்டினார்கள். நாடு சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது. 2008ல் நெதர்லாந்து மெஷினைக் கைவிட்டுக் காகிதத்துக்குத் திரும்பியது. 2009 மார்ச் 3 அன்று ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம், 2005 தேர்தலில் அதே நிறுவன மெஷின்களைப் பயன்படுத்திய விதம் சாசனத்துக்கு விரோதம் என்றது. ஓட்டுப் பதிவிலும் எண்ணிக்கையிலும் முக்கியமான படிகளைச் சிறப்புப் படிப்பு எதுவும் இல்லாத சாதாரணக் குடிமகன் சரிபார்க்க முடிய வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். சூலூர்க் கவுண்டர் ஜெர்மன் படித்தவர் இல்லை.

அதே கோங்கிரைப், அமெரிக்கப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மன், ஹைதராபாத்தைச் சேர்ந்த ஹரி பிரசாத் ஆகியோர் குழு 2010ல் நம் மெஷின் ஒன்றை ஆராய்ந்து காட்டியது. எல்லோரும் சிப்பை உடைத்துவிட்டார்கள் என்றே நினைத்தார்கள். இல்லை. அவர்கள் நிரலைத் தொடவே இல்லை, தொடத் தேவையும் வரவில்லை. முடிவு காட்டும் பலகையை மட்டும் அச்சு அசலாய் இன்னொன்று செய்து மாற்றினார்கள். உள்ளே நிரல் நேர்மையாக எண்ணும், வெளியே பலகை பொய் சொல்லும். செல்போனில் இருந்து ப்ளூடூத் வழியாகச் சொன்னால் சொன்ன ஆளை ஜெயிக்க வைக்கும். இன்னொரு வழியில், ஓட்டுகள் சேமிக்கப்படும் சிப்புகளின் மேல் ஒரு சின்னக் கருவியைக் கவ்வ வைத்து எண்ணிக்கையை மாற்றிக் காட்டினார்கள். நிரல் இருந்த சிப்புக்குப் பூட்டு, ஓட்டு இருந்த சிப்புக்கு இல்லை. முன்வாசலுக்கு எட்டு லீவர் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைத் தாழ்ப்பாளோடு விட்ட கதை.

ஆணையம் சொன்ன பதில், மெஷின் கையில் கிடைத்தால்தானே இதெல்லாம், எங்கள் காவலையும் சீலையும் தாண்டி எப்படிக் கிடைக்கும் என்பது. அதுவும் நியாயமான பதில்தான், ஒரு மெஷின் அவர்கள் கைக்குக் கிடைத்திருந்தது என்பதைத் தவிர. அந்த மெஷின் எங்கிருந்து வந்தது என்ற வழக்கில் ஹரி பிரசாத்தை 2010 ஆகஸ்டில் மகாராஷ்டிர போலீஸ் கைது செய்தது. பிறகு ஜாமீனில் வந்தார். ஓட்டையைக் காட்டியவரைப் பிடித்தது எனக்கு அன்றும் உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது. வகுப்பில் கரும்பலகையில் நான் போட்ட கணக்கைத் தப்பு என்று எழுந்து சொல்கிற பையனை வெளியே நிற்க வைக்கிற வாத்தியார்களையும் எனக்குப் பிடிக்காது.

ஆனாலும் அந்த ஆராய்ச்சி வீணாகவில்லை. 2013க்குப் பிறகு வந்த மூன்றாம் தலைமுறை மெஷினில், பெட்டியை யாராவது பிரிக்க முயன்றால் மெஷின் தானே செயலிழந்துவிடும். கருவிகள் ஒன்றையொன்று அடையாளம் கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் பேசும். வேறு எதையாவது செருகினால் ஏற்காது. கொல்லைப்புறத்துக்கும் பூட்டு வந்தது.

அதைவிடப் பெரிய மாற்றம் காகிதம் திரும்பி வந்ததுதான். சுப்பிரமணியன் சுவாமி தொடர்ந்த வழக்கில் 2013 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம், காகிதச் சான்று தவிர்க்க முடியாத தேவை என்றது. அதற்கு ஒரு மாதம் முன்பே நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் விவிபேட் வெள்ளோட்டம் முடிந்திருந்தது. 2014ல் மத்திய சென்னை உட்பட 8 மக்களவைத் தொகுதிகள், 2019ல் நாடு முழுவதும். பட்டனை அழுத்தியதும் கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி சின்னம் தெரியும், பிறகு சீட்டு பெட்டிக்குள் விழும். நிரலைப் படிக்க முடியாவிட்டால் போகிறது, நிரல் செய்ததை ஒவ்வொருவரும் படிக்கலாம். 2019 ஏப்ரலில் என் கடைசிச் சாவடியில், ஓட்டுப் போட்ட ஒரு பாட்டி வெளியே வந்து "நம்ம சின்னம் வந்துச்சு, விழுந்துச்சு, நான் பாத்தனுங்" என்று வரிசையில் நின்றவர்களிடம் சொல்லிவிட்டுப் போனார். மெஷின் பற்றி நான் எடுத்த அத்தனை வகுப்பையும் விட அது நன்றாக இருந்தது.

ஆனால் விழுந்த சீட்டை எண்ணினால்தானே அது சான்று? முதலில் ஒரு சட்டமன்றப் பகுதிக்கு ஒரு சாவடி என்றார்கள். எதிர்க்கட்சிகள் பாதியை எண்ணச் சொல்லிக் கேட்டன. 2019 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் 5 சாவடி என்று முடித்தது. தடாகம் ரோட்டில் ஜிசிடி கல்லூரியில் ஓட்டு எண்ணிய நாளில் ஊரே முடிவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த அஞ்சு சாவடிச் சீட்டுகள் கடைசியில்தான் எண்ணப்பட்டன. என் அபிப்பிராயம், அஞ்சு என்பது கஞ்சத்தனம். முழுவதும் எண்ண வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வித்தியாசம் குறைவாக இருக்கும் இடத்தில் அதிகம் எண்ணுவது கணக்குத் தெரிந்தவர்கள் எவரும் ஒத்துக்கொள்ளும் விஷயம். காகிதத்தைக் கொண்டுவந்துவிட்டுப் பெட்டியிலேயே வைத்திருப்பது, சிப்பைப் பூட்டியதைப் போலத்தான் ஆகும்.

விவிபேட் இன்னொரு புதுக் கதவையும் கொண்டுவந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சீட்டில் சின்னம் அச்சாக வேண்டும் என்றால், ஒவ்வொரு தொகுதியின் சின்னங்களையும் அதற்குள் ஏற்ற வேண்டும். கம்ப்யூட்டரில் இருந்து ஒரு சின்னக் கருவிக்கு, அதில் இருந்து விவிபேட்டுக்கு. நிரல் இருக்கும் இடம் பூட்டித்தான் இருக்கிறது, சின்னம் இருக்கும் இடம் எழுதத் திறந்திருக்கிறது. பழைய கட்டுப்பாட்டுக் கருவிக்கு வெளியில் இருந்து ஒரு எண்தான் போனது. இப்போது படங்கள் போகின்றன. சந்தேகப்படுகிறவர்கள் இதைக் காட்டித்தான் வழக்குப் போட்டார்கள்.

அதன் தீர்ப்பு வந்த தேதி 2024 ஏப்ரல் 26. சிஐஎச் வைரஸ் வெடித்து அன்றைக்குச் சரியாக 25 வருடம். தேதிப் பொருத்தம்தான், வேறொன்றும் இல்லை. எல்லாச் சீட்டையும் எண்ணும் கோரிக்கையை நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, தீபாங்கர் தத்தா அமர்வு ஏற்கவில்லை. பதிலாக இரண்டு விஷயம் சொன்னார்கள். சின்னம் ஏற்றும் கருவியை முடிவு வந்த பிறகு 45 நாள் சீல் வைத்துப் பாதுகாக்க வேண்டும். இரண்டாவது, மூன்றாவது இடம் வந்த வேட்பாளர் 7 நாளுக்குள் எழுதிக் கேட்டால், ஒரு சட்டமன்றப் பகுதிக்கு 5 சதவீத மெஷின்களில், நிரல் எரித்த சிப்பைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் சரிபார்க்க வேண்டும். செலவு கேட்டவருடையது, தில்லுமுல்லு நிரூபணமானால் திருப்பிக் கொடுக்கப்படும். ஒரு செட்டுக்கு வரியோடு 47,200 ரூபாய் என்று ஆணையம் அறிவித்தது.

அந்த மக்களவைத் தேர்தலில் குறைந்த வித்தியாசத்தில் தோற்ற விருதுநகர் தேமுதிக வேட்பாளர் விஜயபிரபாகரன் 14 சாவடிகளுக்கு இப்படிக் கேட்டிருந்தார். ஆணையம் வகுத்த முறை என்னவென்றால், மெஷினில் மாதிரி ஓட்டுகள் போட்டு, போட்டதும் வந்ததும் பொருந்துகிறதா என்று பார்ப்பது. எனக்கு இதில் ஒரு ஆசிரியனின் முணுமுணுப்பு உண்டு. சிப்புக்குள் எழுதியிருப்பதைப் படிப்பது ஒன்று, கேள்வி கேட்டுப் பதில் வாங்குவது இன்னொன்று. பரீட்சையில் சரியாக எழுதியவன் புத்தகத்தையும் படித்திருக்கிறான் என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா? 2025 பிப்ரவரியில் இது மறுபடி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, சரிபார்க்கிற வேலையில் மெஷினில் உள்ள தகவலை அழிக்கவோ புதிதாக ஏற்றவோ வேண்டாம் என்று நீதிபதிகள் சொன்னார்கள்.

மெஷின் மேல் சந்தேகம் கொண்ட என் மாணவர்களுக்காக, மறு பக்கத்தில் இருந்தும் ஒரு வழக்கைச் சொல்லிவிடுகிறேன். ஹரியானா மாநிலம் பானிப்பட் மாவட்டத்தில் புவானா லாக்கு என்று ஒரு கிராமம். 2022 நவம்பர் 2ல் ஊராட்சித் தலைவர் தேர்தல். குல்தீப் சிங் என்பவர் ஜெயித்ததாக அறிவித்தார்கள். ஒரே ஒரு சாவடியில் தலைமை அலுவலர் எண்ணிக்கையை எழுதியதில் கோளாறு என்று தோற்ற மோகித் குமார் விடாமல் வழக்கு நடத்தினார். கடைசியில் 2025 ஆகஸ்டில் மெஷின்களையே டெல்லிக்கு வரவழைத்து, உச்ச நீதிமன்ற வளாகத்தில், பதிவாளர் முன்னிலையில், வீடியோ எடுத்துக்கொண்டு மறுபடி எண்ணினார்கள். மோகித் குமாருக்கு 1051, குல்தீப் சிங்குக்கு 1000. கிட்டத்தட்ட மூன்று வருடம் பெட்டிக்குள் அந்த எண்கள் அப்படியே இருந்திருக்கின்றன. தப்பு இருந்தது அலுவலர் கையால் எழுதிய தாளில். மோகித் குமாரைத் தலைவராக அறிவிக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது, அவர் பதவியேற்றுக்கொண்டார்.